மஞ்சள் ஸ்டிக்கரும் 9,900 பவுண்டும்

செப்டம்பர் வந்தால் போதும், லண்டனில் குறைந்த செலவில் வாழ்வது எப்படி என்று யூடியூபில் தமிழ்க் காணொளிகள் வரிசைகட்டும். கடை மூடும் நேரத்தில் போங்கள், மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய ரொட்டியும் கோழிக்கறியும் விலை குறைத்துக் கிடைக்கும். குளிர்கோட்டைப் பழைய துணி விற்கும் தொண்டுக் கடையில் வாங்குங்கள். பத்து கிலோ அரிசி மூட்டையை நாலு பேர் பங்கு போடுங்கள். உருப்படியான யோசனைகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் குன்னூர் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒரு பட்டியல் சமூகப் பெண் லண்டன் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் தக்காளியைக் கூறு கட்டிக் குறைந்த விலைக்குத் தள்ளும்வரை மார்க்கெட்டில் காத்திருந்து வாங்கும் அம்மாவின் மகள் அவள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழருக்கு வேலை தரத்தான் டான்டீ தோட்டங்கள் உருவாயின. அதன் தலைமையகம் குன்னூரில்தான் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கூலியை எண்ணி எண்ணிச் செலவழித்த வீடுகளின் பிள்ளைக்கு மஞ்சள் ஸ்டிக்கரைப் பற்றி நாம் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

கணக்குத் தெரியாதவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். பட்டியல் சமூக மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை, கல்விக் கட்டணம் போக, பிரிட்டனில் வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 9,900 பவுண்டு தருகிறது. மாதம் 825. பல ஆண்டுகளாக இந்தத் தொகை அசையவில்லை. லண்டனில் படிக்க வருபவரிடம் மாதம் 1,483 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்குப் பணம் இருக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் பிரிட்டன் அரசு விசா விதியை உயர்த்தியது. அப்போதைய மொத்தம் 13,347 பவுண்டு. லண்டனுக்கு வெளியே என்றால் அப்போது மாதம் 1,136, ஒன்பது மாதத்துக்கு 10,224. அதாவது, ஒன்பது மாதத்துக்கே போதாத தொகையைக் கொடுத்துப் பன்னிரண்டு மாதம் வாழச் சொல்கிறார்கள். புத்தகம், பயணம் போன்ற சில்லறைச் செலவுக்கென்று தரும் 1,100 பவுண்டைச் சேர்த்தாலும் லண்டன் கணக்கு நேராகாது. எத்தனை ஸ்டிக்கர் ரொட்டி வாங்கினால் இந்தப் பள்ளம் நிரம்பும்?

இதைக் கேட்டால் உடனே பாபாசாகேபைக் காட்டுகிறார்கள். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் போனவர், சாப்பாட்டைச் சுருக்கிப் பழைய புத்தகக் கடைகளில் சுமார் இரண்டாயிரம் புத்தகம் வாங்கினார். 1920இல் மீண்டும் லண்டன் போனது தன் சேமிப்பு, சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய் கடன் ஆகியவற்றை நம்பி. அங்கே பல இரவுகள் அப்பளத்தைக் கடித்துப் பசியை அடக்கிக்கொண்டு படித்தார். பம்பாயில் ரமாபாய் குழந்தைகளோடு பட்ட பாடு தனி. அந்தப் பட்டினி இந்தச் சமூகம் அவர்மீது சுமத்தியது. அதைப் போஸ்டராக்கி இன்றைய மாணவரின் சுவரில் மாட்டுவது அயோக்கியத்தனம்.

காணொளிகள் சொல்லாத இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டில் மலிவு என்பது பெரும்பாலும் ஆள் பழக்கத்தில் கிடைக்கிறது. ஊர் திரும்பும் சீனியர் விட்டுப்போகும் குக்கர், வாட்ஸ்அப் குழுவில் வரும் பங்கு அறை, பகுதிநேர வேலைக்கு ஒரு சிபாரிசு. இந்தக் குழுக்களில் "சைவம் மட்டும்" என்று ஒரு வரி போதும், யாருக்குக் கதவு சாத்தப்படுகிறது என்பது நமக்குப் புரியும். "நீங்க எந்த ஊரு, எந்தப் பக்கம்?" என்ற விசாரிப்பும் கப்பலேறிப் போயிருக்கிறது. வீட்டின் முதல் பட்டதாரிக்குச் சீனியர் ஏது? அதே அறையை அவள் வெளிச்சந்தையில் கூடுதல் வாடகைக்குப் பிடிக்கிறாள். சாதி அங்கே பவுண்டில் வசூலாகிறது.

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய்வரை உதவி உண்டு. அதைக் கல்லூரிகளிலும் எஸ்டேட் லைன்களிலும் கொண்டுபோய்ச் சொல்வது நம் வேலை. ஒன்றிய அரசோ, தன் தொகையை அந்தந்த நாட்டின் விசாக் கணக்கோடு இணைத்து ஆண்டுதோறும் திருத்த வேண்டும். முதல் தவணை மாணவர் விமானம் ஏறும் முன்பே வங்கிக்கு வர வேண்டும். குன்னூர் அடங்கிய நீலகிரி ஒரு தனித்தொகுதி. இந்த 825 பவுண்டு கணக்கை மக்களவையில் எழுப்பச் சொல்லி அந்தத் தொகுதி வாக்காளர்கள் தங்கள் உறுப்பினருக்குக் கடிதம் எழுதலாம்.