துடைப்பம் அண்ணனுக்கும் உண்டு!

லீவு விட்டாலே பையன் கையில் செல்போன், பெண் கையில் துடைப்பம். பல வீடுகளில் இதுதான் நடக்கிறது.

என் மகன் செல்போனில் கோல்ப் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பந்தை ரொம்ப உயரே தூக்கி அடித்தால் தூரம் குறையும். ஆனால் விழுந்த இடத்தில் அதிகம் உருளாது. பின்பக்கமாகச் சுழல விட்டால் விழுந்ததும் நிற்கும். முன்பக்கமாகச் சுழல விட்டால் உருண்டோடும். குழிக்கு எவ்வளவு தூரம், நடுவில் தண்ணீர் இருக்கா என்று பார்த்து அடிக்கணுமாம்.

அட, நம்ம அஞ்சாங்கல் கணக்குதானே! கல்லை உயரே போட்டால்தான் கீழே கிடப்பதை அள்ள நேரம் கிடைக்கும் என்று நமக்கு யார் சொல்லித் தந்தார்கள்? இந்த யோசனையெல்லாம் பெண் பிள்ளைக்கு வராதா என்ன?

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் கோல்பில் நாலாவது இடம் பிடித்தவர் பெங்களூரு அதிதி அசோக். அங்கே அவருக்கு மட்டைப் பையைச் சுமந்து கூடவே நடந்தவர் அவருடைய அம்மா!

நாம் பை சுமக்க வேண்டாம். அண்ணன் அரை மணி ஆடினால் தங்கைக்கும் அரை மணி கொடுப்போம். அந்த நேரம் துடைப்பம் அவன் கையில் இருக்கட்டும். அப்புறம் போனை வாங்கி வைத்துவிட்டு, இரண்டு பேரையும் தெருவில் ஓடியாட விடுவோம். செய்வோமா, சகோதரிகளே?

- ஒரு வாசகி, உப்பிலியபுரம்.