பில் யாருக்காக எழுதப்படுகிறது?

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவரை ஒரு மாதக் கடைசியில் பார்க்கப் போயிருந்தேன். சிறுதொழில்களுக்கான பில் போடும் மென்பொருள் ஒன்றைத் திருத்தியமைக்கும் குழுவில் அப்போது நான் இருந்தேன். பழைய திரைகளைக் களைந்துவிட்டு, பத்துத் தட்டலில் முடிகிற காரியத்தை மூன்று தட்டலுக்குக் கொண்டுவந்திருந்தோம். அந்தப் பெருமையோடு மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். நண்பர் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா பில்லு வேகமாப் போடறது நமக்கு ஒரு பிரச்சினையே இல்லீங்க. எப்பப் போடறதுங்கறதுதானுங்க பிரச்சினை."

அவர் சொன்னது அன்று எனக்குப் பிடிபடவில்லை. பில்லைத் தாமதமாகப் போட விரும்பும் வியாபாரி ஒருவர் இருக்கக்கூடும் என்பதே எங்கள் குழுவில் எவருக்கும் தோன்றியிராத விஷயம்.

இலக்கிய வாசகர்களிடம் பில்லைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். நம் ஊர்களில் அன்றாடம் எழுதப்படும் எழுத்தில் பெரும்பகுதி கதையோ கவிதையோ அல்ல. பில்லும் சலானும் கடன் நோட்டும்தான். ஒரு பட்டறைக்காரர் ஆண்டு முழுதும் எழுதும் ஒரே எழுத்து அதுவாக இருக்கலாம். அந்த எழுத்துக்கு ஒரு வாசகர் உண்டு, அவர் மனம் கோணக்கூடாது என்ற கவலையும் உண்டு. எழுத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் பேசலாம் என்றே நினைக்கிறேன்.

நண்பரின் தொழில் இப்படி நடக்கிறது. பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்று இம்பெல்லர் வார்ப்புகளைச் சலான் போட்டு அனுப்பும். இவர் கடைசல் பிடித்து, துளையிட்டு, அளவு பார்த்துத் திருப்பி அனுப்புவார். நூறு உருப்படி வந்தால் நூறும் ஒன்றாகத் திரும்புவதில்லை. நாற்பது இன்று போகும், முப்பத்தைந்து வியாழக்கிழமை, மீதி அடுத்த வாரம். போனதில் நான்கைந்து கழிபட்டுத் திரும்பி வரும். வார்ப்பிலேயே ஓட்டை இருந்து கழிந்ததா, இவர் பட்டறையில் அளவு தப்பிக் கழிந்ததா என்பது பெரிய வழக்கு. முன்னதென்றால் பார்த்த வேலைக்குக் கூலி கேட்கலாம். பின்னதென்றால் கூலியும் போயிற்று, வார்ப்பின் விலையையும் கழித்துக்கொள்வார்கள். இவையெல்லாம் பேசித் தீர்ந்த பிறகே 'லேபர் பில்' எழுத முடியும்.

இத்தனையையும் அவர் ஒரு நீள நோட்டில் வைத்திருந்தார். சலான் எண், வந்தது, போனது, கழிவு, பாக்கி என்று கோடு போட்ட பத்திகள். ஓரத்தில் பென்சிலால் சிறு சுழிகள். அவை என்னவென்று கேட்டேன். கழிவைப் பற்றிக் கம்பெனி சூப்பர்வைசரிடம் பேசி முடித்ததற்கு அடையாளமாம். சுழி விழாத வரியைப் பில்லில் ஏற்றமாட்டார்.

எங்கள் மென்பொருளின் முதல் கேள்வி வாடிக்கையாளர் பெயர். அடுத்து பொருள், அடுத்து வரிக் குறியீடு, அடுத்து வரி விகிதம். வேலை முடிந்து இன்னும் பில் ஆகாமல் கிடக்கும் சரக்குக்கு அதில் இடமே இல்லை. அவருடைய நாளின் முக்கால் பங்கு அந்த இடத்தில்தான் கழிகிறது. நாங்கள் தொடங்கும் இடத்தில் அவர் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

தாமதத்தின் காரணம் வரியில் இருக்கிறது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. பொதுவாகப் பில் தேதியை வைத்தே வரிப் பொறுப்பு எழுகிறது. பணம் கைக்கு வந்ததா என்று சட்டம் கேட்பதில்லை. கம்பெனி மூன்று மாதம் கழித்துப் பணம் தந்தாலும், பட்டறைக்காரர் வரியை முன்னதாகவே தன் கையிலிருந்து கட்டியாக வேண்டும். வாங்கியவர் 180 நாட்களுக்குள் பணம் தராவிட்டால், தான் எடுத்துக்கொண்ட வரிவரவைத் திருப்ப வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனால் 180 நாள் என்பது லேத் பட்டறைக்கு ஒரு யுகம். அதற்குள் ஆறு முறை வாடகையும் இருபத்தைந்து வாரக் கூலியும் கொடுத்தாக வேண்டும். எனவே சேவை முடிந்து 30 நாட்களுக்குள் பில் எழுதலாம் என்று சட்டமே தரும் அவகாசத்தை அவர் கடைசி நாள்வரை பயன்படுத்துகிறார். அதைச் சோம்பல் என்று எண்ணி, 'உடனே பில் அனுப்புங்கள்' என்று திரையில் மின்னும் பச்சைப் பொத்தானை வைத்தவர்கள் நாங்கள்.

இங்கே ஒரு பழைய கதையை நினைவுகூர வேண்டும். பெங்களூரைச் சேர்ந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, ஆலைகளுக்கும் நூற்பாலைகளுக்கும் மூலப்பொருளும் உதிரிபாகமும் தருகிற தொழில் செய்துவந்தார். தன் கணக்குக்குத் தோதான மென்பொருள் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986இல் தொடங்கிய அந்த முயற்சிதான் டாலி. நம் நகரங்களில் 'டாலி தெரியுமா?' என்பது வேலைக்கான தகுதிக் கேள்வியாகவே ஆகிப்போன அளவுக்கு அது வேரூன்றியதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். முதல் பயனர் அப்பா என்பதைத்தான் நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். மேசைக்கு எதிரே உட்கார்ந்து 'இது எனக்கு வேண்டாம்' என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது.

ஜிஎஸ்டிக்குப் பிறகு சந்தைக்கு வந்த பில் கருவிகள் பலவற்றில் அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். முதல் பயனர் அரசாங்கம், இரண்டாவது ஆடிட்டர். ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள், பிற தொழில்களுக்குப் போடும் பில்லை அரசு தளத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறை. அதற்குக் கீழே இருக்கும் பட்டறைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் அவர்களுக்கு விற்கப்படும் கருவி அதே அச்சில் வார்க்கப்பட்டதாக இருக்கிறது. பில் எழுதுகிறவரும் அதை வாங்கிப் படிக்கிறவரும் வரிப் படிவத்தை நிரப்பித் தரும் எழுத்தர்களாகிவிட்டார்கள்.

மொழியின் பிரச்சினை இதைவிட நுட்பமானது. எங்கள் கருவியில் தானியங்கி நினைவூட்டல் ஒன்று இருந்தது. கெடு தாண்டிய மறுநாள் வாடிக்கையாளரின் வாட்ஸாப்புக்கு, 'உங்கள் தொகை நிலுவையில் உள்ளது, உடனடியாகச் செலுத்தவும்' என்று போகும். நண்பர் அதைச் சோதித்துப் பார்த்த வாரத்தில், இருபது வருஷப் பழக்கமுள்ள வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டு, "ஏனுங்க, நம்மளுக்குள்ள நோட்டீசு உடற அளவுக்கு ஆயிப்போச்சுங்களா?" என்று கேட்டாராம். அடுத்த சலான் வேறு பட்டறைக்குப் போயிற்று.

நம் வியாபார மொழி நெடுங்காலமாகப் பணத்தைச் சுற்றி ஒரு நாகரிகத்தைப் பேணி வந்திருக்கிறது. நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்வதில்லை, 'லாபம்' என்பார். கணக்கு பிள்ளையார் சுழியில் தொடங்கும். கடையை மூடுவதில்லை, 'கட்டுவார்கள்'. கொங்கு நாட்டில் பாக்கி கேட்கிறவர் பணம் என்ற சொல்லையே உச்சரிக்காமல் கேட்டு முடிப்பார்: "சனிக்கெழம கூலிங்க, கொஞ்சம் பாத்து உடுங்க." இதில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. சனிக்கிழமை எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்ற செய்தி மட்டும் இருக்கிறது, அது போதும். எங்கிருந்தோ பெயர்த்த வாசகத்தை அவர் பெயரில் அனுப்பியபோது, அவர் வாயில் அவருடையதல்லாத சொல்லைத் திணித்தோம்.

சட்டம் அவர் பக்கம்தானே இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். உண்மை. 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் வளர்ச்சிச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் கூட்டு வட்டி. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்டலாம் என்று வருமான வரியிலும் 2024 ஏப்ரல் 1 முதல் ஒரு பிடி வந்திருக்கிறது. ஆனால் ஒரே கம்பெனியை நம்பியிருக்கும் பட்டறைக்காரர் வட்டி கேட்டு மனுப் போடத் துணிவாரா? அவருக்கு வேண்டியது சண்டைக்கான ஆயுதமல்ல. எந்தச் சரக்கு எந்தத் தேதியில் ஏற்கப்பட்டது, நாற்பத்தைந்தாம் நாள் என்றைக்கு வருகிறது என்று அவருக்கு மட்டும் தெரியும்படி ஒரு குறிப்பு. எப்போது, எந்தச் சொல்லில் கேட்பது என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.

பயனர் சொல்வதையெல்லாம் செய்தால் கருவி குப்பைக்கூடை ஆகிவிடும் என்று தொழில்நுட்ப நண்பர்கள் எச்சரிப்பதுண்டு. அதில் நியாயம் இருக்கிறது. நண்பரிடம் என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லியிருப்பார், அவ்வளவுதான். தேவை அவர் சொல்லில் இல்லை, நோட்டின் ஓரத்துப் பென்சில் சுழியில் இருந்தது. அதைப் பார்க்க ஒரு மாலை முழுதும் இரும்புத்தூள் படிந்த ஸ்டூலில் உட்கார வேண்டியிருந்தது. வரி விதிகள் மாறுவதும் மெய்தான். 2025 செப்டம்பர் 22 அன்று விகிதங்கள் பெருமளவு மாற்றியமைக்கப்பட்டன. அந்தச் சுமையைத் திரைக்குப் பின்னால் சுமப்பதற்காகத்தானே மென்பொருள்? அதைக் கேள்விகளாக்கிப் பட்டறைக்காரர் முன் கொட்டுவது, சமையல்காரர் விறகையும் சேர்த்து இலையில் பரிமாறுவதைப் போன்றது.

பிறகு எங்கள் கருவியில் சில மாற்றங்கள் செய்தோம். திறந்ததும் புதிய பில் வருவதில்லை, பாக்கியுள்ள சலான்கள் வருகின்றன. கழிவுக்கு இரண்டு பத்திகள், வார்ப்பில் ஒன்று, பட்டறையில் ஒன்று. ஒவ்வொரு வரிக்கும் ஒரு சுழி உண்டு. சுழி விழுந்தவை மட்டும் பில்லில் ஏறும், முப்பதாம் நாள் நெருங்கினால் நிறம் மாறும். தானியங்கி நினைவூட்டலை எடுத்துவிட்டோம். அதை எடுப்பதற்குத்தான் அலுவலகத்தில் அதிகம் வாதாட வேண்டியிருந்தது. விற்பனைப் பிரிவினர் விளம்பரத்தில் முதலில் சொல்லும் வசதி அதுவாக இருந்தது.

நண்பர் இப்போது அந்தத் திரையைப் பயன்படுத்துகிறார். நீள நோட்டை இன்னும் மூடவில்லை. கேட்டால், "அது இருக்கட்டுமுங்க, கரண்டு போச்சுன்னா?" என்கிறார். மின்சாரம் போவதற்காக மட்டும் அவர் அதை வைத்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்த முறை போகும்போது அந்த ஓரத்துக் குறிப்புகளை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.