உப்பிட்டவர் ஒப்படைத்துவிட்டுப் போனால்?

1960களில் பர்மாவிலிருந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய தமிழர்களில் பலர் வடசென்னையிலேயே தங்கிவிட்டார்கள். வியாசர்பாடியில் ஒரு குடியிருப்பின் பெயரே பி.வி. காலனி, பர்மா, வியட்நாம் என்பதன் சுருக்கம். வந்தவர்களில் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) துப்பாக்கி பிடித்தவர்களும் இருந்தார்கள். ஆகஸ்ட் 15 வந்தால் அவர்களுக்கு மேடையில் சால்வை போர்த்துவோம். மேடைக்குக் கீழே வேறு பேச்சு ஓடும்: “என்ன இருந்தாலும் பட்டாளத்துல சத்தியம் பண்ணிட்டு எதிரி பக்கம் போனவங்கதானே?” அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. அதில் உள்ள குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

‘சத்தியத்தை மீறினார்கள்.’

சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் ஏறத்தாழ 45,000 இந்தியப் படையினரைத் திரட்டினார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே இல்லை. அவர்களைத் தனியே பிரித்துச் சாங்கிக்கு அனுப்பியிருந்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் கர்னல் ஹன்ட் பேசினார். உங்களை ஜப்பானியரிடம் ஒப்படைக்கிறோம், இனி அவர்கள் சொற்படி நடங்கள் என்பதுதான் பேச்சின் சாரம். ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா பெற்றுக்கொண்டார்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பிட்டவரே ஆளைக் கொண்டுபோய் எதிரியிடம் ஒப்படைத்துவிட்டு நகர்ந்தால், அந்த உப்புக்குக் கணக்கு எப்படி வைப்பது? அப்படி ஒப்படைக்கப்பட்டவர்களைக் கொண்டுதான் ஐ.என்.ஏ. உருவானது. அன்று அதில் சேர மறுத்தவர்களும் ஏராளம். அவர்களுடைய நேர்மை குறைந்ததல்ல. ஆனால் சேர்ந்தவர்களிடம் சத்தியத்தைப் பற்றிக் கேட்கும் தகுதியை லண்டன் அந்த மைதானத்திலேயே இழந்துவிட்டது. அதோடு, பின்னால் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் சேர்ந்த தமிழர்கள் எந்த அரசருக்கும் சத்தியம் செய்து கொடுத்தவர்களே அல்ல.

‘சோற்றுக்காகக் கட்சி மாறினார்கள்.’

இதில் கொஞ்சம் உண்மை உண்டு. சேர மறுத்த கைதிகளை ஜப்பானியர் நியூ கினியா வரை ஏற்றிச் சென்று வேலை வாங்கினார்கள், பலர் திரும்பவில்லை. அந்தப் பயத்தில் சிலர் கையெழுத்திட்டிருப்பார்கள். ஆனால் 1944-ல் இம்பாலிலிருந்து பின்வாங்கிய ஐ.என்.ஏ. படையைப் பாருங்கள். அங்கே குண்டுக்குப் பலியானவர்களைவிடப் பசிக்கும் மலேரியாவுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் பலியானவர்கள்தான் அதிகம். சோறு தேடிப் போகிறவன் அந்தக் காட்டுக்குப் போகமாட்டான்.

‘ஜப்பானின் கைப்பாவைகள்.’

முதல் ஐ.என்.ஏ.வை உருவாக்கிய மோகன் சிங், ஜப்பான் தன் படையைக் கருவியாகப் பயன்படுத்தப் பார்க்கிறது என்று தெரிந்ததும் முரண்டு பிடித்தார். 1942 டிசம்பரில் ஜப்பானியர் அவரைக் கைது செய்தார்கள், படையும் கலைந்தது. கைப்பாவையைப் பொம்மலாட்டக்காரர் கைது செய்ய வேண்டியிருக்காது. 1943-ல் சுபாஷ் சந்திரபோஸ் வந்துதான் அதை மறுபடி கட்டியெழுப்பினார்.

ஜப்பானுக்கு நான் நற்சான்று தரவில்லை. சயாம்–பர்மா ரயில் பாதையில் மலாயாத் தமிழர்கள் ஆயிரமாயிரமாய் மடிந்தார்கள். அந்தமானில் ஜப்பானியர் இந்தியர்களையே சித்திரவதை செய்தார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று மதராஸ் நகரமே காலியானது. 1943 அக்டோபரில் நம் துறைமுகத்தின் மேலேயே குண்டு விழுந்தது. போஸ் தேர்ந்த கூட்டாளி கொடியவன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கூட்டாளி கொடியவன் என்பதால் சிப்பாய் கூலியாள் ஆகிவிடமாட்டான்.

‘தோற்ற படை என்ன சாதித்தது?’

போர்க்களத்தில் தோற்றது, வழக்கில் வென்றது. 1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர் மீதும் அரசருக்கு எதிராகப் போர் தொடுத்ததாக விசாரணை தொடங்கியது. அடிமைப்பட்ட மக்களுக்கு விடுதலைக்காகப் போரிடும் உரிமை உண்டு என்று புலாபாய் தேசாய் வாதாடினார். நேருவும் வழக்கறிஞர் அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார். ஆயுள் நாடுகடத்தல் என்று தீர்ப்பு வந்தது. 1946 ஜனவரியில் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அந்தத் தண்டனையை ரத்து செய்தார். பதவி நீக்கத்தோடு விட்டார். நிறைவேற்றினால் தன் படையே தன் கையில் நிற்காது என்று அவருக்குத் தெரியும். அடுத்த மாதமே பம்பாயில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அது கராச்சிக்கும் மதராஸுக்கும் பரவியது. ஐ.என்.ஏ. கைதிகளை விடுதலை செய் என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று.

‘நியாயவான்கள் என்றால் சுதந்திர இந்தியா ஏன் படையில் சேர்க்கவில்லை?’

1947-ல் மாறியது கொடி. படை அதே பழைய படை. எதிரெதிரே நின்று சுட்டவர்களை ஒரே பாரக்கில் தங்கவைக்க அரசு தயங்கியது. அது நிர்வாக முடிவு, குற்றத் தீர்ப்பு அல்ல. அவர்களைத் துரோகிகள் என்று அந்த அரசு சொல்லவில்லை. 1972-ல் வந்த விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்தில் அவர்களையும் சேர்த்தது. தாமதம்தான். வெட்கப்பட வேண்டிய தாமதம். அந்த வெட்கம் நம்முடையது.

ராயபுரத்திலிருந்து சென்ட்ரலுக்குப் போகிறவர்கள் ஒருநாள் அரசு பொது மருத்துவமனையை அடுத்த பழைய மத்தியச் சிறை இருந்த இடத்தைப் பாருங்கள். இதே விடுதலைக்காகப் பினாங்கில் பயிற்சி பெற்று இந்தியாவுக்குள் ரகசியமாக அனுப்பப்பட்டு, 1942-ல் பிடிபட்டவர்களை, 1943-ல் பிறப்பித்த எதிரி ஏஜெண்டுகள் அவசரச் சட்டத்தின்படி இந்த நகரில் விசாரித்தார்கள். வக்கம் அப்துல் காதர், அனந்தன் நாயர், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் நால்வரையும் 1943 செப்டம்பர் 10 அன்று அந்தச் சிறையில் தூக்கிலிட்டார்கள். சிறை பிறகு புழலுக்குப் போனது. பழைய கட்டடத்தை 2009-ல் இடித்தார்கள். அந்த நிலத்தில் இன்று நிற்பது சென்னை மருத்துவக் கல்லூரியின் புதுக் கட்டடம். ஐ.என்.ஏ.வின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி படித்த கல்லூரி அது.