படிப்பாயசமும் படிப்புச் சம்பளமும்

தென்காசிக்குப் பக்கத்திலுள்ள நமது ஆய்க்குடியில் பாலசுப்பிரமணிய சுவாமி கோவில் என்று ஒன்று உண்டு. அங்கே "படிப்பாயசம்" என்று ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது. வெளியூர்த் தோழர்களுக்குத் தெரிவதற்காக அதைச் சற்று விவரிக்கிறோம். பிள்ளை இல்லாதவர்கள் பிள்ளை வேண்டுமென்று நேர்ந்துகொள்ளுகிறார்கள். பிறகு அனுமன் நதியின் படித்துறையைக் கழுவி, காய்ச்சிய பாயசத்தை அந்தக் கற்படியிலேயே இட்டு, ஊர்ச் சிறுவர்களை உட்காரவைத்து உண்ணச் செய்கிறார்கள். சிறுவர்கள் ரூபத்தில் சுவாமியே வந்து சாப்பிட்டுவிட்டுப் போவதாக ஐதீகம்.

பாயசத்தின் மேல் நமக்கு யாதொரு விரோதமும் இல்லை. இதை எழுதுகிறவனும் சிறு பிராயத்தில் அந்தப் படியில் உட்கார்ந்து வழித்துத் தின்றவன்தான். ருசி நன்றாகவே இருந்தது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிறகு காலேஜுக்குக் கட்டப் பணமில்லாமல் சைக்கிள் கடைக்கு வேலைக்குப் போனவனும் அவனேதான். ஆகவே ஒரு கேள்வி கேட்க அவனுக்கு யோக்கியதை உண்டு என்று நினைக்கிறோம். எட்டு வயதில் பாயசம் தின்னும்போது சுவாமியாயிருந்த ஏழைப் பிள்ளை, பதினெட்டு வயதில் காலேஜ் ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் சம்பளம் கட்ட வகையில்லாமல் நிற்கும்போது எப்படிப் பாக்கிதாரன் ஆகிவிடுகிறான்?

இரண்டு வருஷத்துக்கு முன் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்லுகிறோம். பெயர் வேண்டாம். தாயார் பீடி சுற்றுகிறவர். தகப்பனார் கேரளத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர். ஆதிதிராவிடர் குடும்பம். மகள் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்து, நல்ல மார்க்கு வாங்கி, ஒரு சுயநிதிக் காலேஜில் நர்சிங் படிப்புக்கு இடமும் பெற்றாள். 2012-ஆம் வருஷத்து அரசாணை 92 என்று ஒன்று இருக்கிறது. வருமானம் வரம்புக்கு உட்பட்ட ஆதிதிராவிட, பழங்குடிப் பிள்ளைகளின் கட்டாயக் கட்டணத்தைச் சர்க்காரே உதவித்தொகையாகக் கொடுக்க வேண்டுமென்பது அதன் சாரம். காலேஜ்காரர்களுக்கு அது தெரியாததல்ல. தெரிந்துகொண்டே, "முதலில் நீங்கள் கட்டிவிடுங்கள், ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பித் தருகிறோம்" என்றார்கள்.

முதலில் கட்டுவதற்கு அந்த அம்மாளிடம் இருந்தது பீடித்தட்டும் இரண்டு கம்மலும்தான். தட்டை அடகு வாங்குவார் இல்லை. கம்மல் அடகு கடைக்குப் போயிற்று. பற்றாததற்கு வட்டிக்கடன் வேறு. வருமானச் சான்றுக்காக இ-சேவை மையத்துக்கு நடந்த நாட்களிலெல்லாம் பீடிக் கூலி போயிற்று. ஸ்காலர்ஷிப் வராமல் இல்லை, வந்தது. எப்போது? வருஷப் பரீட்சை எழுதி முடித்த பிற்பாடு! அதற்குள் வட்டி வளர்ந்து கம்மல் ஏலத்துக்குப் போய்விட்டது.

"ஏன் அக்கா, எங்களிடம் ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டோம்.

"என் தலையெழுத்து தம்பி, யாரைச் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார்.

தோழர்களே! இதில் தலையெழுத்து எங்கே இருக்கிறது என்று சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். காலேஜ் திறக்கும்போதே பணம் கேட்கிறது. சர்க்கார் பரீட்சை முடிந்தபின் பணம் கொடுக்கிறது. நடுவிலுள்ள மாதங்களின் பாரத்தை ஒரு பீடித் தொழிலாளியின் காது சுமக்கிறது. இந்த இரண்டு தேதிகளையும் எழுதியவர் பிரம்மா அல்ல, ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதர். மனிதர் எழுதியதை மனிதர் அழிக்கலாம். இதே ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் என்பவர் இருக்கிறார். 1975-இல், கடற்படை உத்தியோகத்துக்கான தேர்வில் விழுந்து அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவற்றுப் போனவர். அவர் தலையெழுத்து என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் 1981-இல் அமர் சேவா சங்கம் உண்டாகியிருக்குமா? எத்தனையோ ஊனமுற்ற பிள்ளைகள் இந்த ஊரில் நடக்கவும் படிக்கவும் பழகியிருப்பார்களா? அவர் கடவுளை நம்புகிறவரா இல்லையா என்பது நமக்கு வேண்டாத விஷயம். காரியத்தைக் கடவுளிடம் விட்டுவிடவில்லை என்பதே நமக்குப் போதும்.

நிற்க. மாணவர்களுக்குக் கொடுக்கும் பணத்துக்கு நம்மவர்கள் வெகுகாலமாக "உபகாரச் சம்பளம்" என்று பேர் வைத்திருந்தார்கள். இப்போது "உதவித்தொகை" என்கிறார்கள். பேர் மாறினாலும் வாடை மாறவில்லை. உபகாரம் என்றால் கொடுக்கிறவன் இஷ்டம், வாங்குகிறவன் கும்பிடு என்று அர்த்தமாகிறது. இதுவும் போதாதென்று, "எல்லாம் இலவசம் கொடுத்து ஜனங்களைச் சோம்பேறியாக்குகிறார்கள்" என்று சொல்ல ஒரு கூட்டம் எப்போதும் தயாராயிருக்கிறது. இலவசங்களைத் தடுக்க வேண்டுமென்று 2022-இல் உச்சநீதிமன்றம் வரைக்கும் வாதாடினார்கள். அந்தக் கனவான்களுக்கு ஒரு பழைய கணக்கை ஞாபகப்படுத்துகிறோம்.

முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில், தென்னாற்காட்டுச் சீமையில் எண்ணாயிரம் என்ற ஊரில் ஒரு கலாசாலை இருந்தது. அதன் விவரத்தைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். மாணாக்கர்கள் 340 பேர். ஆசிரியர்கள் 14 பேர். படிப்பு, வேதமும் வியாகரணமும் மீமாம்சையும் வேதாந்தமும். கீழ் வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவனுக்கும் நாள் ஒன்றுக்கு ஆறு நாழி நெல் அளந்தார்கள். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைவிட அதிகம். வீரராஜேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டோ (1067) இன்னும் விசேஷம். அங்கே படித்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு மாத்திரமல்ல; படுக்கப் பாய், இரவில் எரிய விளக்கு, சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெய், நோய் வந்தால் ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. அந்த எண்ணெயை யார் ஆட்டினார்கள்? அந்த நெல்லை யார் நாற்று நட்டு, களை பறித்து, அறுத்துப் போட்டார்கள்? அவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவனாவது அந்தப் பாயில் படுக்க முடிந்ததா? அன்றைக்கு எவனாவது அதை "இலவசம்" என்று சொன்னானா? அது "தர்மம்" என்றும், "வித்தியாதானம்" என்றும், கொடுத்தவனுக்கு மோட்சம் என்றும் சொல்லப்பட்டது. அதே காரியம் பீடி சுற்றுகிறவள் மகளுக்கு நடக்கும்போதுதான் சோம்பேறித்தனமாகிவிடுகிறது!

இது ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சங்கதி என்று சொல்லிவிடவும் முடியாது. நமது பழைய திருநெல்வேலி ஜில்லாவிலேயே, 1920-களில், சேரன்மாதேவியில் வ.வே.சு. அய்யர் ஒரு குருகுலம் நடத்தினார். பணம் பொதுப்பணம். எல்லா வகுப்பாரும் கொடுத்த பணம். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியும் 10,000 ரூபாய் கொடுப்பதாக ஏற்று 5,000 கொடுத்திருந்தது. ஆனால் பார்ப்பனப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு தனி இடத்தில்! மற்றப் பிள்ளைகளுக்கு வேறு இடத்தில்! மீதி 5,000-த்தைத் தரமுடியாது என்று பெரியார் மறுத்ததும், அதன்மேல் நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியும் நம் வாசகர்கள் அறிந்தவை. பணம் எல்லோருடையதுமாக இருந்தால் மாத்திரம் போதாது, பந்தியும் எல்லோருக்கும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று நம் ஜில்லா நாட்டுக்குக் காட்டிய பாடம் அது.

ஆகையால் இன்றைக்குக் கிடைக்கும் உதவித்தொகை எதுவும் யாரும் மனமிரங்கிப் போட்ட பிச்சை அல்ல. தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு மெட்ரிகுலேஷனுக்கு மேற்பட்ட படிப்புக்கான இந்திய சர்க்காரின் உதவித்தொகை 1944-இல் தொடங்கிற்று. டாக்டர் அம்பேத்கர் வைசிராய் கவுன்சிலில் உட்கார்ந்து, பிற மதத்தார் கல்விக்குக் கொடுக்கிறீர்களே, எங்களுக்கு ஏன் இல்லை என்று மல்லுக்கட்டிய காலம் அது. அவரும் பரோடா மகாராஜா கொடுத்த உதவியினால் 1913-இல் அமெரிக்காவுக்குப் போய்ப் படித்தவர்தான். அந்தப் பணத்தினால் அவர் சோம்பேறி ஆனாரா என்பதை இலவச எதிர்ப்பாளர்கள் சொல்லட்டும்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலுள்ள திட்டத்தின் கதையும் சுவையானதுதான். பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்கப் போராடிய அந்த அம்மையார் பெயரால், 1989-இல், எட்டாவது படித்த ஏழைப் பெண்ணின் கலியாணத்துக்கு 5,000 ரூபாய் என்று ஒரு திட்டம் வந்தது. எட்டாவது வரையிலாவது பெண்ணைப் படிக்கவைக்க அது ஒரு தூண்டுகோலாயிருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. பிறகு 2011-இல் தாலிக்கு நாலு கிராம் தங்கம், 2016-இல் எட்டு கிராம் என்று ஏறிற்று. தாலியே அடிமைச் சின்னம் என்று பேசிய இயக்கத்து அம்மையார் பெயரில் சர்க்கார் தாலி செய்து கொடுத்த வேடிக்கையை என்னவென்பது! 2022-இல் அதை மாற்றி, சர்க்கார் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த பெண் காலேஜ் போனால் மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் அதுபோல் ஒன்று வந்தது. கழுத்துக்குப் போன பணம் புஸ்தகத்துக்குப் போயிற்று. எந்தக் கட்சி செய்தாலும் இதை நாம் பாராட்டுவோம். ஆனால் மாதம் ஆயிரம் என்பது பஸ்ஸுக்கும் புஸ்தகத்துக்கும் ஆகுமேயொழிய, சுயநிதிக் காலேஜ் சம்பளத்துக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

இனி, ஏழை என்பவன் யார் என்ற கேள்வி. 2021-இல் வெளியான மத்திய சர்க்கார் விதிகளின்படி, தாழ்த்தப்பட்ட மாணவனின் குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் இந்த உதவித்தொகை இல்லை. அதாவது, தகப்பன் கேரளத்தில் நாள் கூலி ஆயிரத்துக்கு மாதம் 22 நாள் சித்தாள் வேலை பார்த்தால் அவன் "வசதிக்காரன்"! ஆனால் 2019 ஜனவரியில் வந்த 103-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை ஒட்டி, முன்னேறிய ஜாதி ஏழைகளுக்கென்று நூற்றுக்குப் பத்து இடம் ஒதுக்கினார்களே, அங்கே எட்டு லட்சத்துக்குள் வருமானமுள்ளவரெல்லாம் "ஏழை"! ஒன்று உதவித்தொகை, மற்றொன்று இட ஒதுக்கீடு, இரண்டும் வேறு என்று வக்கீல்கள் சொல்லுவார்கள். வேறுதான். ஆனால் ஏழை என்ற சொல் ஒன்றுதானே? அதற்கு ஜாதிக்கொரு அகராதி எங்கிருந்து வந்தது?

இவ்வளவும் சொன்ன பிறகு, கம்மல் ஏலம் போகாமலிருக்க வழி என்ன என்று கேட்பீர்கள். சர்க்கார் பணத்தை காலேஜ் திறக்கும் மாதத்திலேயே கொடுக்கவேண்டும் என்பது நமது முதல் கோரிக்கை. அது நடக்கும்வரை, சேருகிற நாளில் சம்பளம் கட்ட முன்பணம் வேண்டும். உதவித்தொகை வந்ததும் அது திரும்பி வந்துவிடும். அடுத்த பிள்ளைக்கு உதவும். மேலேயுள்ள பிள்ளைக்கு வேண்டியிருந்தது தானமல்ல, சில மாதத்துக்கு வட்டியில்லாத கைமாற்றுதான்.

இதற்குப் பணம் எங்கே என்றால், உண்டியலில் இருக்கிறது. உடனே "கோவில் பணத்தில் கை வைக்கிறார்கள்" என்று சிலர் கூச்சல் போடுவார்கள். அவர்கள் ஆய்க்குடியிலிருந்து ஒரு பஸ் மாறிக் குற்றாலம் போய்ப் பார்க்கட்டும். ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி 1964-இல் திருக்குற்றாலநாத சுவாமி கோவிலின் சார்பில் ஏற்பட்டதுதான். அப்போது ஆண்டவர்கள் சுயமரியாதைக்காரர்கள் அல்ல. நெற்றி நிறைய விபூதி பூசிக் கோவிலுக்குப் போன காங்கிரஸ்காரர்கள். அதனால் குற்றாலநாதர் கோபித்துக்கொண்டாரா? அருவியில் தண்ணீர் விழாமல் நின்றுவிட்டதா? அந்தக் காலேஜில் படித்த பெண்கள் எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரியானார்கள் என்பதைத் தவிர ஒரு விபரீதமும் நடக்கவில்லை. கோவிலின் உபரிப் பணத்தைக் கல்விக்குச் செலவிட 1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொன்ன நம் ஊரார், அனுமன் நதிப் படியில் ஊற்றுகிற பாயசத்தையாவது ஒரு தரம் அளந்து பார்க்கக் கூடாதா? நேர்ந்துகொண்ட பிள்ளை பிறந்துவிட்டதல்லவா? இனி அதைப் படிக்கவைக்கும் செலவுதானே பாக்கி?

கோவில் அதிகாரிகளுக்கு இதைப் பற்றி மனு எழுதியிருக்கிறோம். பதில் வரும்வரை சும்மா இருக்கவில்லை. போன வருஷம் நமது படிப்பகத்தில் ஆறு பேர் கைப்பணம் போட்டு மூன்று பிள்ளைகளுக்குச் சேர்க்கை நாளில் சம்பளம் கட்டினோம். இரண்டு பேருடைய பணம் உதவித்தொகை வந்ததும் திரும்பிவிட்டது. மூன்றாவது இன்னும் வரவில்லை. வருமானச் சான்றில் தகப்பன் பெயரில் ஒரு எழுத்துப் பிசகு, அதற்காக அலைந்துகொண்டிருக்கிறோம். அந்த அனுபவத்தினால் சொல்லுகிறோம்: ஆதார், சாதிச் சான்று, பாங்குப் புத்தகம் எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளை தொழிற்கல்வியில் சேருவதாயிருந்தால் அதற்கான சான்றும் தனியே வாங்க வேண்டும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு வேறு உதவித்தொகை உண்டு. பீடிக்கு விதித்திருந்த செஸ் வரியை 2017-இல் எடுத்துவிட்டபோது அந்த உதவியும் போய்விட்டதென்று ஒரு வதந்தி கிளம்பிற்று, அது சரியல்ல. தொழிலாளர் அடையாள அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயந்திரம் படிப்பகத்தில் மனு எழுதிக் கொடுக்கிறோம், காசு கிடையாது. எந்த ஜாதியாராயினும், கோவிலுக்குப் போகிறவர்களாயினும் வரலாம். வரும்போது சான்றுகளின் ஜெராக்ஸ் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் கூட அழைத்து வரவும்.