வண்டிக் கொட்டகைக்குத் தரையும் வர்ணமும்

சேவூர் வட்டாரத்து வீடுகளில் வாசலை ஒட்டிய வண்டிக் கொட்டகை பல தொழில்களைக் கண்டது. மாட்டு வண்டி நின்ற நாளில் அதன் மூலையில் கடலை மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. தரை மண்ணாயிருந்தது, சாணம் மெழுகினால் போதும். வண்டி போய் மிதிவண்டி வந்தது. பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது. திருப்பூரின் பனியன் தொழில் அவினாசியைக் கடந்து புளியம்பட்டிச் சாலை நெடுகப் பரவிவிட்ட இந்நாளில், அதே கொட்டகையில் இரண்டு தையல் இயந்திரங்களை இட்டுக் கூலித் தையலும் பிசிறு வெட்டும் வேலையும் செய்யப் பல குடும்பங்கள் முற்படுகின்றன.

அவ்வாறு கொட்டகையைச் சீர்ப்படுத்த எண்ணுவோர் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது வர்ணக் கடையின் நிறப் பட்டியலைத்தான். இது தலைகீழான முறை. அங்கே என்ன நடக்கப்போகிறது, யார் அமரப்போகிறார்கள், எந்த வயதுக் குழந்தை தவழப்போகிறது என்பவற்றை முடிவு செய்த பிறகே தரை. தரை முடிந்த பிறகே சுவர். நிறம் எல்லாவற்றுக்கும் கடைசி.

வண்டி நிற்கும் தரைக்குச் சரிவு வேண்டும். மழையில் நனைந்து வரும் வண்டியின் நீரும், கழுவும் நீரும் வாசலை நோக்கி ஓட, பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது தாழ்த்துவது நன்று. ஆனால் தையல் இயந்திரத்துக்குச் சரிவு ஆகாது. மேசை ஆடும், ஆட்டத்தில் தையல் கோணும். ஆகவே ஒரே கொட்டகையில் இரண்டும் இருக்க வேண்டுமாயின், வண்டிப் பகுதியைச் சரிவாகவும், வேலைப் பகுதியை ஒரு படி உயர்த்திச் சமமாகவும் அமைப்பதே முறை. எண்ணெய்க் கறையும் மண்ணும் துணிப் பக்கம் ஏறாதிருக்க அந்த ஒரு படியே பெரும் காவல். வண்டியை எப்போதும் வெளியே உருட்டிச் சென்ற பின்னரே இயக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். மூடிய கொட்டகையில் தங்கும் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

இனி, எந்தத் தரை? நம் தாத்தா காலத்துக் காவித் தரையின் அழகை மறுப்பாரில்லை. சிமெண்டோடு காவிப் பொடி கலந்து, நன்கு தேய்த்து மெருகேற்றிய தரை கோடையில் காலுக்குக் குளிர்ச்சி. ஆயினும் வெள்ளைப் பனியன் துணி புரளும் இடத்துக்கு அதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். கலவை சரியில்லாத காவித் தரை ஆண்டுக்கணக்கில் தூள்விடும். கீழே விழுந்த வெள்ளைத் துண்டு இளஞ்சிவப்பாக எழும். கடப்பைக் கல் உறுதியானது, எண்ணெய்க் கறையையும் காட்டாது. அது சுண்ணாம்புக் கல் இனம். ஆசிட் ஊற்றிக் கழுவினால் அரித்துப்போகும். வண்டிப் பகுதிக்கு அதன் சொரசொரப்பான பக்கத்தை மேலாக வைத்துப் பதிக்கலாம். ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலைப்பாட்டை விரும்புவோர் அதை வீட்டுக் கூடத்துக்கு வைத்துக்கொள்ளட்டும்.

வேலைப் பகுதிக்கு, பூவும் புள்ளியுமில்லாத, வெளிர் நிறமான, வழுக்காத மேற்பரப்புள்ள ஓடு அல்லது வழவழவெனத் தேய்த்த வெறும் சிமெண்ட் தரையே சிறந்தது. காரணம் ஊசி. ஓடும் இயந்திரத்தில் ஊசி ஒடிந்தால் அதன் எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்து, பதிவேட்டில் ஒட்டிக் கணக்குக் காட்டுவது ஏற்றுமதி ஆலைகளில் கட்டாய வழக்கம். குழந்தைச் சட்டைக்குள் ஒரு முனை போய்விட்டால் என்னாகும்! அவ்வளவு கெடுபிடி இல்லாத நம் வீட்டுக் கொட்டகையிலும் ஒடிந்த முனை குழந்தையின் முழங்காலில் ஏறலாம். மொசைக் தரையில் ஊசித் துண்டைத் தேடிப் பாருங்கள்; கண்ணே போய்விடும். பளபளக்கும் பெரிய ஓடுகளோ நீர் பட்டால் வழுக்கும். விலை கூடியது என்பதற்காக அது பொருத்தமாகிவிடாது.

சிமெண்ட் தரை போடுவோர் செலவை மிச்சப்படுத்துவது பெரும்பாலும் நீரில்தான். தண்ணீர்த் தட்டுப்பாட்டில் வளர்ந்த ஊர்க்காரர்களை இதற்குக் குறை கூற இயலாது; அத்திக்கடவு – அவினாசித் திட்டமே 2024 ஆகஸ்டில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. எனினும் இந்தியத் தர நிர்ணயப்படி, சாதாரண சிமெண்ட் காங்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டுக்கு 10 நாளும் ஈரம் காக்க வேண்டும். வறண்ட வெப்ப நாட்களில் முறையே 10, 14 நாட்கள். இன்று கடையில் பெரும்பாலும் கிடைப்பது கலப்பு வகையே என்பதால் மூட்டையின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்ப்பது நல்லது. சாக்கை நனைத்துப் பரப்பி வைத்தால் குறைந்த நீரே போதும்.

பழைய தரை மீது பசை போன்ற எபாக்சிப் பூச்சு பூசச் சிலர் ஆலோசனை சொல்வதுண்டு. அதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளைத் தரைமேல் நான்கு பக்கமும் ஒட்டி, ஓர் இரவு முழுதும் விட்டு, காலையில் எடுத்துப் பாருங்கள். அடியில் நீர் முத்துக்கள் இருந்தால் நிலத்தின் ஈரம் மேலேறுகிறது என்று பொருள். அந்தத் தரையில் எந்தப் பூச்சும் நில்லாது.

சுவருக்கு வருவோம். சுண்ணாம்பு மலிவானது, சுவர் மூச்சுவிட இடங்கொடுக்கும், பூஞ்சையையும் தடுக்கும். ஆனால் சாய்ந்தால் முதுகில் ஒட்டும், துணியிலும் ஒட்டும். ஆகவே கூரையின் அடிப்புறத்துக்கும் மேற்சுவருக்கும் சுண்ணாம்பு போதும். கைபடும் உயரம் வரை கழுவத்தக்க நீர்க்கலப்பு வர்ணம், அதாவது எமல்ஷன், பூசலாம். நிறம் வெண்மையோ, வெண்மைக்கு அண்மையதோ ஆகட்டும். கருநீலத் துணியில் கருநீல நூலால் தைக்கும் தாய்மாருக்கு விளக்கு எவ்வளவு முக்கியமோ, விளக்கொளியைத் திருப்பித் தரும் சுவரும் அவ்வளவு முக்கியம். புதிதாகப் பூசிய சுவர் காயுமுன் எண்ணெய் வர்ணம் அடித்தால், சிமெண்டின் காரம் எண்ணெயைச் சவர்க்காரமாக்கி, வர்ணம் உரிந்து விழும்.

எல்லாவற்றிலும் நாம் அதிகம் அஞ்சுவது பழைய கதவு, ஜன்னல், இரும்புக் கம்பிகளில் இருக்கும் பழைய எண்ணெய் வர்ணத்தையே. பளிச்சென்ற மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் ஈயக் கலவைகள் நெடுங்காலம் பயன்பட்டு வந்தன. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்துக் குழந்தைகளைத் தாக்கிய ஈய நஞ்சுக்கு, வீட்டுத் தாழ்வாரத்துக் கைப்பிடிகளிலும் சுவர்களிலும் பூசிய வர்ணம் தூளாகி விரல்களில் ஒட்டுவதே காரணம் என்று கிப்சன் என்னும் கண் மருத்துவர் 1904-இலேயே எடுத்துக்காட்டினார். அந்த மாநிலம் 1922-இல் சட்டம் செய்தது. நம் நாட்டில் வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேற்படக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. இடையே தொண்ணூற்றைந்து ஆண்டுகள்! அந்த ஆண்டுகளில் பூசிய வர்ணம் நம் கதவுகளில் இன்னும் இருக்கிறது.

ஆகவே உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூசுவது நன்று. உரிந்திருந்தால், தரையில் பிளாஸ்டிக் தாள் விரித்து, நீர் தெளித்து, வாட்டர் பேப்பரால் ஈரமாகவே தேய்க்கச் சொல்லுங்கள். உலர்ந்த உப்புத்தாளும், தீக்கொழுந்தால் பொசுக்கும் முறையும் வேண்டவே வேண்டாம். வேலை முடியும் வரை கர்ப்பிணிகளும் சிறுவர்களும் அப்பக்கம் வராதிருக்கட்டும். தூளை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். புதிய டின் வாங்கும்போது ஈயம் பற்றிய அறிவிப்பு அதன் மேல் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயரில்லாத மலிவு டின் நமக்கு வேண்டாம். வர்ணக்காரர் சலித்துக்கொள்ளலாம், அவருடைய நுரையீரலும் இதில் காக்கப்படுகிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். கூரை கல்நார் சிமெண்ட் அட்டையாக இருந்தால் அதையும் கம்பித் தூரிகையால் தேய்ப்பதோ துளையிடுவதோ கூடாது. அதன் இழைத் தூசியும் கொடியதே.

காலத்தைப் பற்றி ஒரு சொல். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வெள்ளையடிப்பது நம் குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை குடித்த சுவர் மார்கழியில் இன்னும் ஈரமாகத்தான் இருக்கும். அதன்மேல் விலையுயர்ந்த வர்ணம் பூசினால் கோடையில் கொப்புளம் எழும். விழாவுக்குச் சுண்ணாம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். தரை வேலையைத் தை, மாசியில் தொடங்கி, தரை நன்கு இறுகிய பின் பங்குனியில் சுவருக்கு வர்ணம் பூசினால், கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் வருமுன் வாடையும் போய்விடும். மீதமான டின்னை நன்கு மூடி, நிறத்தின் எண்ணையும் பூசிய நாளையும் அதன் மேல் எழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத பரண்மேல் வையுங்கள்.