கத்திக்குப் பெயர் உண்டு, பிடிக்கு?

பழைய மடக்குச் சவரக் கத்தி ஒன்று கிடைத்தால் சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது எதைத் தெரியுமா? எஃகில் அடித்திருக்கும் பெயரை! (சலூன்களில் பிளேடு மாட்டும் கத்தி வருமுன் தோல்வாரில் தீட்டித் தீட்டிச் சவரம் செய்தார்களே, அந்தக் கத்தி தான்.) வேட் அண்ட் புட்சர், ஷெஃபீல்டு என்று இருந்துவிட்டால் ஆஹா, ஓஹோ. அடுத்த வேலை? எஃகைப் பளபளவென்று தேய்ப்பது. பழைய கொம்புப் பிடியைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் புத்தம்புது பிளாஸ்டிக் பிடி மாட்டுவது. இதற்குப் பெயர் 'புதுப்பித்தல்'. உண்மையில் இது பாதிக் கொலை.

19-ம் நூற்றாண்டு ஷெஃபீல்டில் பெரும்பாலும் ஒரு கத்தியை ஒருவரே செய்ததில்லை. இரும்பை அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் இன்னொருவர், பிடி போடுபவர் மூன்றாமவர். அங்கே 1624-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த கத்தி செய்வோர் சங்கம் முத்திரைகளைப் பதிவு செய்து காத்து வந்தது. முத்திரை விழுந்தது எஃகில். பிடி செய்தவருக்கு?

இத்தனைக்கும் கையைக் கட்டிப்போடும் வேலை அங்கே தான். கொம்பு என்பது நம் நகம் போலக் கெரட்டின். சூடு காட்டினால் இளகும், அழுத்தித் தட்டையாக்கி ஆறவிட்டால் அப்படியே நிற்கும். 2, 3 மில்லிமீட்டர் கனமே உள்ள அந்தப் பட்டையில் நுண்ணிய துளைகள் போட்டு, வெள்ளிக் கம்பியை நறுக்கி இறக்கிப் பூவோ நட்சத்திரமோ வரைய வேண்டும். சிப்பித் துண்டு பதிப்பதென்றால் அதன் வடிவத்துக்கு மயிரிழை பிசகாமல் பள்ளம் தோண்ட வேண்டும். ஆழம் கொஞ்சம் கூடினால் மறுபக்கம் வந்துவிடும்! அதைவிடப் பெரிய தலைவலி ஈரம். கொம்பு ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சிப்பியும் வெள்ளியும் அப்படி அசையாது. சவரக் கத்தியோ தினமும் தண்ணீரில் புழங்குவது. நூறு வருஷம் கழித்தும் ஒரு இதழ் உதிராமல் இருக்கிறதென்றால் செய்தவர் சாமானியரா?

ஆனால் கொம்பு என்றாலே இளக்காரம்... ஆமை ஓடு மாதிரி தெரியட்டும் என்று அந்தக் காலத்திலேயே அதற்குச் சாயப் புள்ளி வைத்தார்கள். இன்றைக்கும் தந்தப் பிடியைத் தொடவே யோசிப்பவர்கள் கொம்பைக் கூசாமல் எறிகிறார்கள்.

'பிடி வளைந்துவிட்டது, பூச்சி அரித்துவிட்டது, மடக்கும்போது கத்தி வாய் இடிக்கிறது' என்பது அவர்கள் வாதம். இடிக்கும், உண்மை தான். முகத்தில் வைக்கிற சாமான், விளையாட்டில்லை. ஆனால் சூட்டில் வளைந்த பொருள் சூட்டில் நிமிரவும் செய்யும். பதிப்பு வேலை உள்ளதை வெந்நீரில் முக்கி எடுத்தால் பூ கழன்று வரலாம், எனவே மெல்லச் சூடு காட்டிப் பலகைகளுக்கிடையே இறுக்கி வைக்க வேண்டும். காய்ந்து வெளிறிய கொம்புக்கு எண்ணெய் இருக்கிறது. பூச்சி ஓட்டையைப் பிசின் வைத்து அடைக்கலாம். இல்லாதது பொறுமை ஒன்று தான்.

இதில் ஒரு வேடிக்கை. 19-ம் நூற்றாண்டின் பின்பகுதியில் கொம்புக்குப் போட்டியாக செல்லுலாய்டு பிடி வந்தது. மலிவு, பகட்டு. அது கெட்டுப்போகும்போது விடும் அமில ஆவி, தான் காக்க வேண்டிய எஃகையே தின்று துருவாக்கும்! கொம்பு அந்தத் துரோகத்தைச் செய்வதில்லை.

இப்படிப் 'புதுப்பித்த' கத்தி விற்பனைக்கு வரும்போது விளம்பரத்தைப் பாருங்கள். எஃகின் பெயர், ஊர், அகலம் எல்லாம் இருக்கும். பிடியைப் பற்றி ஒரே வார்த்தை: 'புதியது'. கழற்றிப் போட்ட பழைய பிடியின் படத்தையாவது கூடவே வைத்திருக்கலாம். அதுவும் இருக்காது.