ஊமையான லேப்டாப்பைப் பழைய இரும்புக்குப் போடலாமா?

குமாரபாளையத்தில் சத்தத்துக்குப் பஞ்சம் இல்லை. காவிரிக்கு அந்தக் கரையில் பவானி. இந்தக் கரையில் விசைத்தறி. தெருவுக்குத் தெரு தறிகள் ஓடுகின்றன. லுங்கியும் துண்டும் நெய்யும் அந்தத் தறிகளின் "தடக், தடக்" ஓசைதான் இந்த ஊர்க் குழந்தைகளுக்குத் தாலாட்டு.

இப்படிப்பட்ட ஊரில், வீட்டுக்குள் ஒரு பெட்டி மட்டும் வாய் திறக்க மாட்டேன் என்கிறது. அதுதான் பழைய லேப்டாப்!

ஒரு தறித் தொழிலாளியின் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். மூத்த மகள் பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் அது. அவள் படிப்பை முடித்தாள். கல்யாணமாகிப் போய்விட்டாள். இப்போது தம்பியின் முறை. பெட்டி ஆமை மாதிரி நகர்ந்தது. விவரம் தெரிந்த ஒரு பையன் வந்து அதில் "லினக்ஸ்" போட்டுக் கொடுத்தான். பெட்டிக்குப் புது உயிர் வந்தது. படம் தெரிகிறது. எழுத்து தெரிகிறது. பாடம் நடத்தும் ஆசிரியர் வாயை அசைக்கிறார். ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை!

அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறார். "சவுண்டு போயிருச்சுங்க. போர்டு மாத்தோணும். அதுக்குப் புதுசே வாங்கிப் போடலாமுங்க" என்று பதில் வருகிறது.

புதுசு என்றால் சும்மாவா? தறி முதலாளியிடம் முன்பணம் வாங்க வேண்டும். வாங்கிய முன்பணம் தீரும் வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. ஒரு லேப்டாப் வாயை மூடியதற்கு, ஒரு மனிதன் தன் உழைப்பை அடகு வைக்க வேண்டியிருக்கிறது.

இது தேவையே இல்லை. சத்தம் வராத பழைய லேப்டாப் எல்லாம் கெட்டுப்போன லேப்டாப் அல்ல. பல பெட்டிகளில் கெட்டது ஒன்றுமே இருக்காது. எங்கோ ஒரு கதவு மூடியிருக்கும். அதைத் திறக்க ஆள் இல்லை. அவ்வளவுதான்!

அரசு கொடுத்த பெட்டி

தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டத்தை 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, அண்ணா பிறந்த நாளில், அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் கொடுக்கப்பட்டன. உலகத்தில் வேறு எங்கும் எளிதில் காண முடியாத காரியம் இது.

அந்தப் பெட்டிகள் பலவற்றில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. இயங்குதளம் என்பது பெட்டியை நடத்தும் மேஸ்திரி. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த "விண்டோஸ்". மற்றொன்று "பாஸ்". இது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் லினக்சை வைத்து உருவாக்கியது. பிள்ளைகள் பலர் அந்த இரண்டாவது மேஸ்திரியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லிக் கொடுப்பாரும் இல்லை.

லினக்ஸ் யாருடைய தனிச் சொத்தும் அல்ல. 1991-ம் ஆண்டு பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தொடங்கியது. அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரும் திறந்து பார்க்கலாம். திருத்தலாம். அடுத்தவருக்குக் கொடுக்கலாம். காசு கேட்க மாட்டார்கள்.

இப்போது இதற்குத் தேவை கூடியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கு இலவசமாகக் கொடுத்து வந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு பொதுவாக நிறுத்திக்கொண்டது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, பழைய பெட்டிகள் பலவற்றைச் சேர்த்துக்கொள்வது இல்லை. அந்தப் பெட்டிகளுக்கு லினக்ஸ்தான் கதி.

அப்படி லினக்ஸ் போட்டதும் சில பெட்டிகள் ஊமையாகின்றன. உடனே, "ஓசியில் வந்தது அப்படித்தான் இருக்கும்" என்று பேச்சு வருகிறது. ஓசியில் வந்த காவிரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர், இப்படிப் பேசக் கூடாது!

தறி நின்றால் விற்றுவிடுவார்களா?

தறி ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நின்றால் குமாரபாளையத்தில் யாராவது தறியை விற்பார்களா? மாட்டார்கள். முதலில் ஊடை நூல் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தார் தீர்ந்துவிட்டதா, நாடா சிக்கிக்கொண்டதா, பெல்ட் கழன்றதா, மின்சாரம் இருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். மோட்டாரைக் கழற்றுவது கடைசியில்தான்.

லேப்டாப்பின் சத்தத்துக்கும் இதே வரிசை உண்டு.

பாட்டு ஒன்றைப் போட்டால், அது நேரே ஸ்பீக்கருக்குப் போய்விடுவது இல்லை. மேட்டூரில் தண்ணீர் நிறைந்திருந்தால் மட்டும் போதுமா? வாய்க்காலின் மதகு ஒவ்வொன்றும் திறந்திருந்தால்தான் கடைசி வயலுக்குத் தண்ணீர் வரும். சத்தமும் அப்படித்தான். பாட்டுப் போடும் நிரல் முதல் மதகு. பல நிரல்களின் சத்தத்தையும் வாங்கி, எதை எங்கே அனுப்புவது என்று பிரிக்கும் தரகர் இரண்டாவது மதகு. அந்தத் தரகருக்குப் பழைய லினக்சில் "பல்ஸ் ஆடியோ" என்று பெயர். புதியவற்றில் "பைப்வயர்" என்று பெயர். மூன்றாவது மதகு "ஆல்சா". செக் நாட்டைச் சேர்ந்த யாரோஸ்லாவ் கைசெலா 1998-ம் ஆண்டு தொடங்கிய வேலை இது. இதுதான் ஒலிச் சில்லுடன் நேரடியாகப் பேசுகிறது. சில்லுக்கு அப்புறம் ஸ்பீக்கர்.

மதகுகள் இத்தனை. ஒன்று மூடியிருந்தாலும் சத்தம் வராது. இவ்வளவு மதகு எதற்கு என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயம்தான். லினக்ஸ்காரர்கள் இதில் கொஞ்சம் எளிமை காட்டியிருக்கலாம்.

பார்க்க வேண்டிய வரிசை

முதலில் பெட்டியை முழுக்க நிறுத்த வேண்டும். விண்டோசும் லினக்சும் சேர்ந்து இருக்கும் பெட்டியில் இது முக்கியம். விண்டோஸ் சில சமயம் முழுக்கத் தூங்காமல், ஒலிச் சில்லை அரைத் தூக்கத்தில் விட்டுவிடும். சார்ஜரைப் பிடுங்கி, கழற்ற முடிந்த பேட்டரியாக இருந்தால் அதையும் கழற்றி, ஒரு நிமிடம் கழித்துப் போட்டால் சத்தம் தானாக வந்துவிடுவது உண்டு.

வரவில்லையா? ஒரு இயர்போனைச் செருகிப் பார்க்க வேண்டும். இயர்போனில் சத்தம் கேட்டால் சில்லு உயிரோடு இருக்கிறது. போர்டு மாற்ற வேண்டும் என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

இயர்போனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் கேட்கவில்லை என்றால், இயர்போன் செருகும் துளையைப் பார்க்க வேண்டும். அந்தத் துளைக்குள் ஒரு சிறு உணர்வு உண்டு. எதாவது செருகியிருக்கிறது என்று தெரிந்தால், அது ஸ்பீக்கரை நிறுத்திவிடும். தறிப் பட்டறைக்கு அருகில் இருக்கும் வீடுகளில் பஞ்சுத் தூசி எங்கே நுழையாது? துளைக்குள் தூசி அடைத்துக்கொண்டால், இயர்போன் இருக்கிறது என்று பெட்டி ஏமாந்து போகலாம். பெட்டியை நிறுத்திவிட்டு மெல்ல ஊதலாம். இயர்போனை நாலைந்து முறை செருகி எடுக்கலாம். ஊசியை விட்டுக் குத்தக் கூடாது!

அடுத்தது, சத்தம் எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்பது. லேப்டாப்பில் சத்தம் வெளியேறும் வாசல் ஒன்று அல்ல. ஸ்பீக்கர் ஒரு வாசல். டி.வி.யில் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. துளை இன்னொரு வாசல். சுமார் 2013 முதல் வந்த பெட்டிகள் பலவற்றில் இவை இரண்டும் தனித்தனி ஒலி அட்டைகளாக லினக்சுக்குத் தெரிகின்றன. சில சமயம் அது எச்.டி.எம்.ஐ.யை முதலாவதாக எடுத்துக்கொள்ளும். டி.வி. இல்லாத இடத்தில் டி.வி.க்குச் சத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒலி அமைப்புப் பக்கத்துக்குப் போய், "அவுட்புட்" என்ற இடத்தில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது காரியம்.

அதுவும் இல்லையென்றால் கறுப்புத் திரை. "டெர்மினல்" என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அதில் ஏ, எல், எஸ், ஏ, எம், ஐ, எக்ஸ், ஈ, ஆர் என்ற ஒன்பது ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தாக, இடைவெளி விடாமல் தட்டி, எண்டர் அழுத்த வேண்டும். கம்பம் கம்பமாக அளவுகோல்கள் தெரியும். எப்-6 விசையை அழுத்தினால் ஒலி அட்டைகளின் பட்டியல் வரும். அதில் எச்.டி.எம்.ஐ. அல்லாததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பத்தின் அடியில் "எம் எம்" என்று இரண்டு எழுத்து இருந்தால் அந்த மதகு மூடியிருக்கிறது என்று அர்த்தம். எம் விசையைத் தட்டினால் எம் எம் போய் இரண்டு சுழி வரும். திறந்தாயிற்று! மேல் அம்புக்குறியால் அளவை ஏற்ற வேண்டும். "மாஸ்டர்", "ஸ்பீக்கர்" என்ற இரண்டையும் மறக்காமல் பார்க்க வேண்டும். "ஆட்டோ-மியூட்" என்று ஒன்று இருந்தால் அதை நிறுத்திப் பார்க்கலாம். தூசியால் ஏமாந்த பெட்டிக்கு இது மருந்து.

ஒலி அமைப்பில் "டம்மி அவுட்புட்" என்று மட்டும் எழுதியிருந்தால் விஷயம் கொஞ்சம் வேறு. தரகர் எந்த ஒலி அட்டையையும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அப்போது வேறு ஒரு புதிய லினக்சைப் பென் டிரைவில் ஏற்றி, பெட்டியில் எதையும் அழிக்காமல், அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். அதில் சத்தம் வந்தால் பழுது பெட்டியில் இல்லை, போட்ட லினக்சில்தான். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் போர்டில் கை வைக்க யாரையும் அனுமதிக்கக் கூடாது.

எதிலும் சத்தம் வரவில்லை, இயர்போனிலும் இல்லை என்றால், பெட்டிக்குள் பழுது இருக்கக் கூடும். அப்போதும் குடி மூழ்கிவிடவில்லை. யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறிய ஒலி அட்டை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் இயர்போனைச் செருகிப் பையன் பாடம் கேட்கலாம். தறிச் சத்தத்துக்கு நடுவே படிப்பவனுக்கு இயர்போன்தானே நல்லது!

குற்றம் யாருடையது?

லேப்டாப் செய்பவர்கள் ஒவ்வொரு மாடலிலும் ஒலிச் சில்லை ஒவ்வொரு மாதிரி இணைக்கிறார்கள். விண்டோசுக்கு அதற்கான குறிப்பை எழுதிக் கொடுக்கிறார்கள். லினக்சுக்கு அந்த அக்கறையை எல்லோரும் காட்டுவது இல்லை. சூசே நிறுவனத்தில் பணியாற்றும் டகாஷி இவாய் என்ற ஜப்பானியரும் அவரைப் போன்றவர்களும், மாடல் மாடலாக, "இந்தப் பெட்டியில் ஸ்பீக்கர் இந்தக் காலில் இருக்கிறது" என்று ஒவ்வொரு வரியாக லினக்சில் எழுதிச் சேர்க்கிறார்கள். அந்த ஒரு வரி சேர்ந்ததும், அதே மாடல் வைத்திருக்கும் எல்லோருக்கும் சத்தம் வந்துவிடும். புதிய லினக்ஸ் போட்டால் சில பெட்டிகள் பேசத் தொடங்குவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே லினக்சைத் திட்டிப் பயன் இல்லை. கடைக்காரரை மட்டும் குறை சொல்வதும் நியாயம் அல்ல. அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? 50 லட்சம் பெட்டிகளைக் கொடுத்த அரசு, அவற்றைப் பழுது பார்க்கும் கல்வியையும் கூடவே கொடுத்திருக்க வேண்டும். மாடு வாங்கிக் கொடுத்துவிட்டு வைத்தியரை மறந்த கதைதான் இது.

பக்கத்தில் உள்ள கேரளம் வேறு வழியில் போனது. அங்கே பள்ளிக்கூடங்களில் சுமார் 2005-ம் ஆண்டு முதலே லினக்ஸ் நுழைந்தது. முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2018-ம் ஆண்டு "லிட்டில் கைட்ஸ்" என்று பள்ளிதோறும் மாணவர் குழுக்களையே அமைத்தார்கள். பிள்ளைகள் அதில் கணினி வேலைகளைக் கையால் செய்து பழகுகிறார்கள்.

தமிழ்நாட்டில் மறுபடியும் லேப்டாப் காலம் வந்திருக்கிறது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினிச் சாதனம் கொடுப்பதாக 2025-26 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் புதுப் பெட்டியும் ஒரு நாள் பழசாகும். அதற்குள் அரசுப் பள்ளிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பழுது பார்க்கும் குழுக்களை அமைத்துவிட வேண்டும்.

குமாரபாளையத்திலிருந்தே இதைத் தொடங்கலாம். தறியைப் பிரித்துக் கோத்த கைகள் நிறைந்த ஊர். பள்ளியில் சனிக்கிழமைதோறும் ஒரு மேஜை போதும். அதன் மேல் ஒரு இயர்போன், புதிய லினக்ஸ் ஏற்றிய ஒரு பென் டிரைவ், இரண்டு யு.எஸ்.பி. ஒலி அட்டை. சொல்லிக் கொடுக்க ஒரு ஆசிரியர். பழுது பார்க்கப் பெட்டி தேடி அலைய வேண்டியது இல்லை. படிக்கும் பிள்ளைகளின் வீட்டுப் பரணிலேயே அவை கிடக்கின்றன.